கரண்டு இருக்குதா?

போனை எடுத்ததும் சொல்வதற்கு ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை வைத்திருப்பார்கள். என் அப்பா "இயேசுவுக்கே புகழ்" என்பார். என் வகுப்புத் தோழி கௌசல்யா "சொல்லுடி" என்பாள். இன்னொரு சிநேகிதி இருந்தாள். அவள் மட்டும் "கரண்டு இருக்குதா?" என்று கேட்பாள். விடுமுறைக்கு நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டில் இருந்தாலும் சரி, ஹாஸ்டலில் அவளுக்கு அடுத்த அறையில் இருந்தாலும் சரி, அதுதான் முதல் கேள்வி. இருக்கிறது என்றால் ஒரு மூச்சு விடுவாள். அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாள். உன் அறையில் இருந்தால் என் அறையில் இருக்காதா என்று எத்தனையோ முறை கடித்திருக்கிறேன். அவளுக்கு உறைக்காது. படித்து முடித்ததும் கரண்டு ஆபீஸில் போன் எடுக்கிற வேலை உனக்குத்தான் என்று கேலி செய்வேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "கெடைச்சா நல்லதுதான்" என்பாள்.

சங்ககிரிக்குப் பக்கத்தில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது எங்கள் கல்லூரி. அவள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஸ்விட்ச் போர்டைத்தான் பார்ப்பாள். அதிலிருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் முகம் இளகும். வகுப்பில் அந்த விளக்கு கண்ணில் படுகிற பெஞ்சில்தான் உட்காருவாள். ஒருமுறை பரீட்சை நடக்கும்போது மின்விசிறிகள் நின்றுவிட்டன. நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினோம். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலே விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறுபடி சுற்றும்வரை ஓர் எழுத்துகூட எழுதவில்லை. அந்தப் பேப்பரில் அரியர் விழுந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கரண்டுக்கு இவ்வளவு பயப்படுகிறவள் எதற்காக எலக்ட்ரிக்கல் எடுத்தாய் என்று கேட்டேன்.

"அதுக்காகத்தான் எடுத்தேன்" என்றாள்.

காரணம் தெரியும்வரை அவளைக் கொஞ்சம் மறை கழன்றவள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மழை வந்தால் ஹாஸ்டலே மொட்டைமாடிக்கு ஓடும். அவள் மட்டும் வராந்தாவில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் எடுக்காவிட்டால் மறுபடியும் அடிப்பாள். எடுத்துவிட்டால் பேசமாட்டாள். "போனை மிஷினுகிட்ட வைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டே நிற்பாள். ஒருநாள் யாரடி அது, அப்படி என்ன பாட்டு என்று போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். தூரத்தில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நடுநடுவே புஸ்ஸென்று காற்று விடுகிற சத்தம்.

"அப்பா" என்றாள்.

அவள் அப்பா ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் போயிருக்கிறார். பாறை உடைந்து குழிக்குள்ளிருந்து மேலே வரும் தூளைப் பாதி வயதுவரை சுவாசித்திருக்கிறார். அது நெஞ்சிலேயே தங்கிவிட்டது. நான் பார்த்தபோது எருமப்பட்டி தாண்டி ஒரு சிற்றூரில், சொந்த வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "நா பூமிக்குள்ள காத்தடிச்சவன் சாமி. இப்ப எனக்கு மிஷினு காத்தடிக்குது" என்று சிரித்தார். சிரித்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

கரண்டு போனால் மிஷின் நிற்கும். அதற்கென்று ஒரு சிலிண்டர் மூலையில் நின்றது. குழாயைக் கழற்றி அதில் மாட்டி, மேலே இருக்கும் திருகைத் திறக்க வேண்டும். அவள் முதலாண்டு சேர்ந்த புதிதில், ஒரு மழை நாளில் கரண்டு போய்விட்டது. வீட்டில் அம்மா மட்டும்தான். திருகு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. அம்மா தெருவுக்கு ஓடி, கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டிவந்து திறப்பதற்குள் அவள் அப்பாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. அன்றைக்கு அவள் ஹாஸ்டலில் எங்களோடு உட்கார்ந்து ஏதோ ஒரு வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். இதை அவள் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அந்த நாளுக்கு அப்புறம் வந்ததுதான் அந்தக் கேள்வி.

ஒரு தடவை எங்கள் பங்குத் திருவிழாவுக்கு அவளை ஃபேர்லேண்ட்ஸுக்குக் கூட்டிப்போனேன். மத்தியானம் பிரியாணி பரிமாறும்போது கரண்டு போனது. மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டர் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு விசிறியைச் சுற்ற வைத்தது. எங்கள் வீட்டில் யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் எழுந்துபோய் அதன் முன்னால் குந்திவிட்டாள். எவ்வளவு நேரம் தாங்கும், என்னென்ன ஓடும், தண்ணீர் எப்போது ஊற்ற வேண்டும் என்று என் அப்பாவைக் குடைந்தெடுத்தாள். அப்பாவுக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. பிரியாணி ஆறிப்போனது. அவள் கிளம்பியதும் என் அம்மா மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

கடைசி ஆண்டு புராஜெக்ட் வந்தது. நிஜமான ஒரு வீட்டை அளந்து, அதே விகிதத்தில் சின்னதாக ஒரு மாதிரி வீடு செய்து, நிழல் விழாத இடம் பார்த்து சோலார் பேனல்களை எங்கே வைப்பது என்று திட்டம் போட வேண்டும். மூன்று மூன்று பேராகக் குழு. நான், கௌசல்யா, அவள். எந்த வீடு என்று நாங்கள் பேச்செடுப்பதற்கு முன்னாலேயே, எங்க ஊடுதான் என்று அவள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் பேனலும் பேட்டரியும் போடுவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கரண்டு போனால் மிஷின் பேட்டரியில் ஓடும். பேனல்களை எந்த இடத்தில் பொருத்துவது என்பதைத்தான் நாங்கள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது மூவருக்கும் தெரியும். மற்ற குழுக்களுக்கு அது மார்க்கு. எங்களுக்கு அவள் அப்பாவின் மூச்சு.

தை மாதம், டேப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். வீடு எந்தத் திசை பார்த்தது என்று அவள் அம்மாவைக் கேட்டோம். "பொழுது கெளம்புற பக்கந்தானுங்க அம்மிணி. நேர் கெழக்கு" என்று பெருமையாகச் சொன்னார். எதற்கும் போனில் இருக்கிற திசைகாட்டியை வாசப்படியில் வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று எங்கள் சார் சொல்லி அனுப்பியிருந்தார். கௌசல்யா வாசக்காலை ஒட்டினாற்போல் போனை வைத்தாள். நேர் கிழக்குதான். வாசக்கால் சுவரோடு சேராமல் ஒரு பக்கம் திரும்பினாற்போல் சாய்வாக நின்றதை மூவரும் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் சாய்ந்த வாசக்காலும் சாய்ந்த கேட்டும் தெருவுக்கு ஒன்று இருக்கும். வாஸ்து என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுவோம். அன்றைக்கும் அப்படித்தான் தாண்டிப் போனோம். மொட்டைமாடியின் பின்மூலையில் மேடை கட்டித் தண்ணீர் டேங்க் வைத்திருந்தார்கள். பாரம் தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்க வேண்டுமாம். அதையும் அளந்து எழுதிக்கொண்டோம்.

மாதிரி வீட்டை முக்கால்வாசி அவள்தான் செய்தாள். எங்களை அட்டை வெட்டக்கூட விடமாட்டாள். கத்தி ஒரு நூல் விலகினாலும் சுவர் விலகும், சுவர் விலகினால் நிழல் விலகும் என்று புலம்புவாள். சுவருக்குத் தடித்த அட்டை, டேங்குக்கு இருமல் மருந்து பாட்டிலின் மூடி, வேப்பமரத்துக்குப் பச்சை அடித்த ஸ்பாஞ்சு. பேனல்களுக்கு நீலத் தாளைக் கத்தரித்து ஒட்டினோம். மாடியை மூடி மாதிரி திறந்து எடுக்கலாம். உள்ளே, ஜன்னலோரத்தில், தீக்குச்சிகளால் ஒரு கட்டில் செய்து வைத்திருந்தாள். பக்கத்தில் மிஷினுக்கு ஒரு சின்னப் பெட்டி. சோலாருக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சார் கேட்டார்.

"அது இல்லாம அது எங்க ஊடு இல்லீங்க சார்" என்றாள்.

தை மாதத்துச் சூரியன் போகிற பாதைக்கு ஏற்ப ஒரு கம்பியை வளைத்து, அதன் வழியாக மேஜை விளக்கை நகர்த்தினோம். பேனல்களைக் கோத்து வைத்திருக்கும்போது ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் மற்றவையும் சேர்ந்து சோர்ந்துபோகும். அதனால் மருந்து மூடியின் நிழல் எங்கே போகிறது என்றுதான் எல்லோரும் குனிந்து பார்த்தோம். காலையிலிருந்து சாயங்காலம்வரை விளக்கை நகர்த்தினோம். நீலத் தாள்கள்மேல் நிழல் படவே இல்லை. சார் பாராட்டினார். கௌசல்யா விளக்கை அணைத்துவிட்டுக் கேன்டீனுக்குக் கூப்பிட்டாள். அவள் நகரவில்லை.

"லைட்டு நாம புடிக்கிற பக்கந்தானே எரியுது. பொழுது அப்படி இல்லியே" என்றாள்.

எனக்குச் சலிப்பாக இருந்தது. சார் சரி என்றாயிற்று, திசைகாட்டி சரி என்றாயிற்று, நீ கடவுளையே சாட்சிக்குக் கூப்பிட்டாலும் திருப்திப்பட மாட்டாய் என்று திட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் திட்டத்தான் செய்வேன். அவளோடு இருப்பது அப்படி. நிம்மதியாக ஒரு டீ குடிக்க விடமாட்டாள்.

பேனல் பொருத்துகிறவர்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை அவள் மாதிரி வீட்டை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நாமக்கல்லில் பஸ் மாறும்போது கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, கேக்கா கண்ணு என்று கேட்டாராம். ஊடுங்க என்று சொன்னாளாம். பஸ்ஸே சிரித்ததாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பிரேக் போடும்போதெல்லாம் சுவர் பெயர்ந்துவிடுமோ என்று பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாளாம்.

வீட்டில் அவள் அப்பா மாதிரி வீட்டின் மாடியைத் தூக்கி உள்ளே பார்த்திருக்கிறார். கட்டிலை அடையாளம் கண்டுகொண்டார். "கட்டலு இருக்குது. நா எங்கெ சாமி?" என்று கேட்டிருக்கிறார். கட்டிலில் ஆள் செய்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் பதில் உடனே வந்தது. "நீங்க எந்திரிச்சுத் தோட்டத்துப் பக்கம் போயிருக்கறீங்கப்பா" என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது. கரண்டு இருக்குதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். வழக்கமாக விடுகிற மூச்சை விடவில்லை.

"நெழல் உழுகுதுடி. டேங்க் நெழலு" என்றாள்.

அவள் குரலைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேரும்போது வெயில் நன்றாகவே சாய்ந்திருந்தது. மாடியில் வீட்டுச் சுவர்களுக்கு இணையாக மாதிரி வீட்டை வைத்து, அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள். மருந்து மூடியின் நிழல் நீலத் தாள்களின்மேல் குறுக்காகக் கிடந்தது. தலையைத் திருப்பினால், பேனல் வைக்கக் கோடு போட்டிருந்த தரையில் நிஜ டேங்கின் நிழலும் அதேபோலக் கிடந்தது. விளக்கு காட்டாததை வெயில் காட்டிவிட்டது. திட்டப்படி பொருத்தியிருந்தால் மத்தியானத்துக்கு மேல் பேட்டரி ஏறவே ஏறாது. மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கரண்டு போனால் மிஷின் எவ்வளவு நேரம் ஓடும் என்று அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். போதவில்லை.

கைப்பிடிச் சுவரின்மேல் போனை வைத்துத் திசை பார்த்தேன். சுவர் கிழக்கைப் பார்க்கவில்லை. நன்றாகவே வடகிழக்குப் பக்கம் திரும்பியிருந்தது. கீழே ஓடி வாசப்படியில் வைத்தேன். நேர் கிழக்கு. மறுபடி மேலே ஓடினேன். நான் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அவள் அப்பா கட்டிலிலிருந்தே என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"நெலவத்தான திருப்பி வெச்சோம். ஊட்டத் திருப்ப முடியுங்களா?" என்றார். நெலவு என்று அவர் சொன்னது வாசக்காலை.

அவருக்கு மூச்சுத் தொந்தரவு ஆரம்பித்தபோது வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்திருக்கிறார். வீடு ரோட்டுக்கு ஒத்தாற்போலக் கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறது, கிழக்கு பார்க்கவில்லை, அதுதான் ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். பழைய வாசக்காலைப் பெயர்த்து, அது மட்டும் நேர் கிழக்கைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அது கிழக்கு பார்த்த வீடு. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், சொல்வதில் பொய்யும் இல்லை. அவருக்கு மூச்சு நிற்கக் கூடாதே என்று திருப்பி வைத்த வாசக்கால்தான் எங்கள் கணக்கைக் கவிழ்த்திருந்தது.

வழி ஒன்றுதான் இருந்தது. டேங்கை நகர்த்த வேண்டும். அதைக் கேட்டதும் அவள் அம்மா மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். கன்னி மூலையிலிருந்து பாரத்தை எடுத்தால் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது, இத்தனை நாள் அவர் உயிரோடிருப்பதே அதனால்தான் என்று அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஏடாகூடமாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் பயந்துதான் போயிருந்தாள். அம்மாவை மெல்ல எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போய், போனை டேங்க் மேடையில் வைத்தாள்.

"பாரும்மா. இது கன்னி மூலையே இல்ல. இத்தன நாளு தப்பான எடத்துல இருந்துருக்குது. நெசமான கன்னி மூலை அந்தா, பின்னாடிச் சொவுத்து நடுவால இருக்குது. அங்கெ வெச்சா அப்பாவுக்கு இன்னும் நல்லதுதான?"

அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திசைகாட்டியை வெகுநேரம் பார்த்தார். இத்தனை நாளாகத் தப்பான இடத்திலா என்று புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அப்படியானால் காலையிலேயே கொத்தனாரைக் கூப்பிடு, பேனலுக்கு முன்னால் டேங்கை மாற்றிவிட வேண்டும் என்று அவரே அவசரப்படுத்தினார். பிறகு மாதிரி வீட்டிலும் மருந்து மூடியை அவள் பெயர்த்து மாற்றி ஒட்டினாள். சாய்கிற வெயிலில் நிழல் பேனல்களை விட்டு விலகிப் போனது. அப்படியும் பொழுது இறங்கும்வரை அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பேனல்கள் ஏறின. அதற்கப்புறம் வந்த முதல் மின்வெட்டில் மிஷின் ஒரு கணம்கூடத் திக்கவில்லையாம். கரண்டு போனதே தெரியவில்லை என்று அவள் அப்பா போனில் என்னிடம் சொன்னார். இனியாவது இவள் மனுஷி மாதிரி போன் பேசுவாள் என்று நானும் கௌசல்யாவும் நினைத்தோம். எங்கே? கரண்டு இருக்குதா என்பதோடு, வெயில் அடிக்குதா, பேட்டரி எவ்வளவு இருக்குது என்ற கேள்விகளும் சேர்ந்துகொண்டன. ஒரு மேகம் வந்தாலே வீட்டுக்குப் போன் போட்டாள். படித்து முடித்து நாமக்கல்லில் சோலார் பொருத்துகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசப்படியை நம்பாமல் மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில்தான் திசை பார்ப்பாளாம். நான் சேலத்திலேயே ஒரு வேலையில் இருந்தேன். வாரத்தில் ஒருநாளாவது அந்தக் கேள்வி என் காதில் விழுந்துவிடும். விழாத வாரத்தில் எனக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பங்குனி மாதம், நல்ல வெயில். ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவள் போன் வந்தது. எடுத்ததும் இருக்குது, இருக்குது என்று கேலியாகச் சொல்லப் போனேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

எல்லோரும் கேட்கிற கேள்விதான். அவள் ஒருநாளும் கேட்டதில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். என் வாயில் வந்தது அவளுடைய கேள்விதான்.

"கரண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. கரண்டு இருந்துச்சு, வெயிலும் இருந்துச்சு, பேட்டரி ரொம்பிக் கெடந்துச்சு" என்றாள். அவள் மூச்சுக்குப் பின்னால், தூரத்தில் கிரைண்டர் ஓடுகிற அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மிஷின் இன்னும் ஓடுது. அம்மா நிறுத்த உடமாட்டேங்குது. நாந்தான் நிறுத்தோணும். நீ போனை வெச்சுறாத" என்றாள்.

வைக்கமாட்டேன் என்றேன். அவள் நடந்துபோவது கேட்டது. அப்புறம் ஸ்விட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது.